மூக்கிற்குள் பட்டாணி

பள்ளி மருந்தறைக் கட்டிலில் ஒன்றாம் வகுப்புச் சிறுமி வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள். மூக்கில் போட்டுக்கொண்ட காய்ந்த பட்டாணி ஈரத்தில் ஊறிப் பருத்து, டார்ச் வெளிச்சத்தில் பளபளக்கிறது. "இடுக்கியப் போட்டு இழுத்துடுங்க சிஸ்டர், எனக்குக் கிளாஸ் இருக்கு," என்கிறார் வாசலில் நிற்கும் டீச்சர். "வழுக்கி உள்ள போச்சுன்னா உங்க கிளாஸா வந்து எடுக்கும்?" என்கிறாள் நர்ஸ். சொல்லிவிட்டாளே தவிர, இழுத்துத்தான் பார்க்கலாமோ என்று அவள் மனமும் அடித்துக்கொள்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போக அம்மா வரவேண்டும். அம்மாவின் போன் அடிக்கிறது, அடிக்கிறது, எடுப்பாரில்லை. கையை விட்டால் சிறுமியின் விரல் மூக்கைக் குடையும். அழுதால் உறிஞ்சுவாள், பட்டாணி இன்னும் மேலே ஏறும். ஆகவே நர்ஸ் அந்தச் சின்னக் கைகளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருக்கிறாள், கன்னம் வலிக்கிறது. சிறுமியின் கண்கள் தளும்பி நிற்கின்றன. "சிஸ்டர், அம்மா வந்ததும் அழலாமா?"