எள்ளுச்சோறு

கார்த்திகைச் சனிக்கிழமை காலை. மரமில்லாத சதுப்புவெளிக்கு நடுவே நீர்த்தேக்கம் கரையிலிருந்து உறைந்துகொண்டே போகிறது. நடுவில் ஒரு முற்றமளவு கறுத்த தண்ணீர்தான் மிச்சம். அதில் ஒரேயொரு வாத்து சுற்றிச் சுற்றி நீந்துகிறது. சிவநேசம் எள்ளுச்சோற்றுப் பெட்டியோடு கரையில் நிற்கிறார். ஏழரைச் சனி தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காகத்துக்கு வைக்கிறார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரிலுள்ள வீட்டு முற்றத்தில் வைத்தால் அயலவர் முறைக்கிறார்கள் என்று இங்கே வருகிறார். காகம் எட்டியும் பார்ப்பதில்லை, வாத்துகள்தான் தின்னும். சனீஸ்வரன் எந்த உருவில் வந்தால் என்ன என்று அவரும் விட்டுவிட்டார். இன்று காரோட்டி வந்த மகள் ஆர்த்திகா, கரையிலிருக்கும் பலகையின் உறைபனியைக் கையுறையால் துடைத்து, பிரெஞ்சில் எழுதியிருப்பதை வாசிக்கிறாள். "பறவையளுக்குச் சாப்பாடு போட வேண்டாமாம், அப்பா. போட்டா அதுகள் குளிருக்குத் தெற்கே போகாமல் நிண்டிடுமாம்." அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல், அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வாரவாரம் சப்பாத்துச் சேற்றை வழித்திருக்கிறார். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றுகிறார்; மூடி கிலுங்குகிறது. வாத்து கழுத்தை நிமிர்த்துகிறது. தண்ணீரை விட்டேறி, வழுக்கி விழுந்து எழும்பி, பனிக்கட்டியின்மேல் அவரை நோக்கி நடந்து வருகிறது. "போடாதேங்கோ, அப்பா." "இனிப் போடாட்டி என்னத்தைத் தின்னும், பிள்ளை?" வாத்து அவர் சப்பாத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறது. தன் சனியைக் கழிக்க வந்தவர் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறார்.