கிழங்கு சீவும் சிப்பாய்கள்

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. முன்பெஞ்சில் காலை நீட்டினான். நீட்டினாலும் வலி. மடக்கினாலும் வலி.

புண் ஆறி எட்டு மாதம். மேலே தோல் மூடிவிட்டது. எலும்புக்கு அது தெரியவில்லை.

திரையில் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறிக் குதிக்கிறான் ஒருவன். கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டு பின்னால் பத்துப் பேர். எல்லாருக்கும் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. பூட்ஸில் சேறு இல்லை. அடுப்படிக்குள் வந்த தளபதி வழுக்கி, சூப்புத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். தொப்பி மட்டும் மிதந்தது.

கொட்டகை சிரித்தது. அவனும் சிரித்தான்.

மூன்றாவது ஞாயிறு. அதே படம், அதே பகல் ஆட்டம். எந்த இடத்தில் விழுவார் என்று தெரியும். தெரிந்தும் சிரிப்பு வந்தது.

இவர்களும் அதே சண்டையில்தான் இருந்தார்கள். சயாம் காட்டில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்ட அவனும் அதே சண்டையில்தான் இருந்தான்.

அங்கே யாரும் மூட்டை மேல் ஏறவில்லை. மூட்டைதான் ஆள் மேல் ஏறியது.

பக்கத்தில் லாரிக்காரன் ஒருவன் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏண்ணே, போன வாரமும் இங்கதான இருந்தீங்க. வெள்ளக்காரன் பேசறது வெளங்குதா?"

"வெளங்கல."

"பின்ன?"

"இதுல ஒருத்தனும் சாகல."

லாரிக்காரன் கொஞ்சம் யோசித்தான். "படம் இன்னும் முடியலியே. இருங்க பாப்போம்."

அவன் காலை மடக்கினான். நீட்டினான்.

மூன்று மணிக்கு ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்துக்குப் பஸ். அங்கே கூலி லயத்தில் காத்தாயி இருக்கிறாள். சடையன் பெண்டாட்டி.

சடையன் இல்லை. சயாமிலேயே வாந்திபேதி. இரண்டு நாள்தான். மூங்கில் தட்டியில் வைத்துத் தூக்கியபோது முன்பக்கம் இவன் தோள்.

கண் மூடுமுன் சடையன் கேட்டது ஒன்றுதான். "அவகிட்ட நீயே போயிச் சொல்லு. கண்டவன் வாயால அவ கேக்க வேணாம்."

சரி என்றான்.

முதல் ஞாயிறு அதற்குத்தான் வந்தான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்தான். அப்புறம் தோட்டத்துக்குப் போனான். அவள் ஈரக்கையோடு ஓடிவந்து கேட்டாள், "அவரு எப்பண்ணே வராரு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

வந்தது படம்.

சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் பட்டாளத்து அடுப்படியில் சடையனுக்கு வேலை. நாளெல்லாம் கிழங்கு சீவுகிறான். நல்ல சாப்பாடு. தளபதி சூப்புத் தொட்டியில் விழுந்தபோது கைகொடுத்துத் தூக்கியதே சடையன்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. "கரண்டிய வெச்சிக்கிட்டு ஆடறாரா? தீமிதிக்கு மேளம் அடிச்சாக்கூட அந்த மனுசன் கால் அசையாதே."

இன்று அப்படி விட முடியாது. வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அவள் அண்ணன் போகிறான். கூட வா என்கிறான். அவனை விட்டால் இந்த மண்ணில் அவளுக்கு ஆளில்லை. புருசன் வருவான் என்று உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான்.

திரையில் எல்லாரும் கப்பலேறிக் கையாட்டினார்கள். அவன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து வெளியே வந்தான். வெயில் கண்ணைக் குத்தியது.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தான்.

சடையன் செத்துட்டான்.

இரண்டே சொல். வாய்விட்டே சொல்லிவிட்டான் போல. கோழிக்கூடையோடு பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

காத்தாயி கதவு திறந்து கிடந்தது. நடுவீட்டில் தகரப்பெட்டி. அதற்குள் அவளுடைய சேலை மூன்று, பித்தளைச் செம்பு, ஒரு கண்ணாடி.

சடையன் சட்டை பெட்டிக்குள் இல்லை. தனியாக மடித்து வைத்திருந்தாள்.

"தங்கச்சி."

"வாங்கண்ணே."

"ஒரு சேதி."

அவள் சட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "போட்டுப் பாருங்க. அவரு ஒசரந்தான் நீங்களும்."

அவன் சட்டையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

அவள் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கப்பல் ஏறிட்டா இதெல்லாம் எனக்கு யாரு சொல்லுவா. அந்தத் தொரை தொட்டியில விழுந்தாரே, அதச் சொல்லுங்க. மொதல்லேருந்து."

"அது இல்ல தங்கச்சி..."

"அதையே சொல்லுங்கண்ணே."

சொன்னான். மூட்டை மேல் ஏறியதைச் சொன்னான். கரண்டி, சட்டி, தாளம். உட்கார்ந்தபடியே ஒரு கையால் ஆடிக்காட்டினான். தொரை வழுக்கினார். சடையன் கைகொடுத்தான்.

அவள் சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது, குலுங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் தொப்பிய எடுத்துப் புழிஞ்சி, தொரை தலையில வெச்சான்."

படத்தில் அது இல்லை.

வெளியே தார்ச் சடக்கில் கடைசிப் பஸ் ஹாரன் அடித்தது. சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். வெள்ளிக்கிழமை அவள் போய்விடுவாள். இனி ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வர வேலையில்லை.

சடையன் செத்தான் என்று அவளிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கடன் அப்படியே நின்றது.