கியூவின் வால்

எழுத்துகளின் கால் நுனியில் சிறு பாதங்கள் கொண்ட பழைய ஆங்கில எழுத்துரு அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதை அச்சுக்காக உலோகத்தில் வெட்டியவர், கியூ (Q) எழுத்தை மட்டும் வெட்டாமல் இறந்துவிட்டார் என்று அருங்காட்சியகம் சொன்னது. அதைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலை என் அக்காவிடம் வந்தது. கியூவை அவள் சொந்தமாக வரைய வேண்டும். அதற்காக எழுத்துருவில் அவள் பெயரும் வரும். இத்தனை வருட வேலையில் அவள் பெயர் எதிலும் வந்ததில்லை.

“வாலை நல்லா நீட்டுக்கா. இல்லன்னா அது வெறும் ஓதான்” என்று கேலி செய்தேன். அவள் சிரித்ததில் கை வழுக்கி, வாலில் ஒரு மேடு விழுந்தது. அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டாள்.

மதியம் அருங்காட்சியகம் அவர் காலத்துப் பழைய அச்சுத்தாள் ஒன்றின் படத்தை அனுப்பியது. இப்போதுதான் கிடைத்ததாம். அதில் கியூ இருந்தது. வாலில் அதே மேடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். மயிரிழைகூட விலகவில்லை.

“நான் காப்பியடிச்சேன்னு சொல்லுவாங்கடா.”

“நீ வரைஞ்சதை நான்தான் பாத்தேனே.”

“அப்ப அவர் என்னைப் பாத்துக் காப்பியடிச்சாரா?”

மேட்டை அழித்து, வாலை நேராக இழுத்தாள். யாருக்கும் அனுப்பவில்லை.

சற்று நேரத்தில் இன்னொரு படம் வந்தது. அதே தாளின் திருத்திய படி. மேட்டை யாரோ பழுப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் நேரான வாலை வரைந்திருந்தார்கள். அதுவும் அவள் சற்றுமுன் இழுத்த வால்தான்.

அந்தத் தாள்கட்டுக்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கிடக்கிறது, பிரித்து நாளை அனுப்புகிறோம் என்று கீழே எழுதியிருந்தது.

அக்கா பேனாவை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

“வரையலையாக்கா?”

“இரு. முதல்ல அவர் வரையட்டும்.”