தானியேல் சாப்பிட்ட பருப்பு

ஈரல் துண்டை ரியாவின் உதட்டருகே கொண்டுபோனேன். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

பருத்திப்பட்டில் இருக்கும் என் அக்கா எவாஞ்சலினின் வீடு இது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன். அக்கா மிளகு தூக்கலாகப் போட்டு ஆட்டு ஈரல் வறுத்து வைத்திருந்தாள்.

"இன்னாடி, உனக்கோசரம்தானே அத்தை காலங்காத்தால போய் வாங்கியாந்தேன். வாயத் தொற."

"சிங்கமே கடைசில வைக்கோல்தான் துன்னும்னு பைபிள்ல போட்டுக்கீது அத்தே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

போன வாரம் பள்ளியில் காலை பிரேயரில் ரியா மயங்கி விழுந்தாள். ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதாதாம். டானிக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறாள். முருங்கைக்கீரையைக் கண்டாலே எழுந்து ஓடுகிறாள். ஈரல் கொடுங்கள், நீங்கள் சாப்பிடுகிறவர்கள்தானே என்று கேட்டார் டாக்டர். கிறிஸ்துராஜ் என்று பெயரை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியுமா? தலையாட்டினேன்.

சாப்பிடுகிறவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை.

திருநின்றவூரில் இப்போது குடியிருக்கும் வீட்டை வாடகைக்குக் கேட்கப் போனபோது, வீட்டுக்கார அம்மா கேட்டைப் பாதிதான் திறந்தார். கவுச்சி சமைப்பீர்களா, வாசனை வந்தால் உடனே காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்றார். அதே கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டு ஏற்கெனவே ஆறு வீட்டு வாசலிலிருந்து திரும்பியிருந்தேன். ஏழாவது வாசலில் வாய் தானாகப் பேசிவிட்டது. எங்கள் வேதத்திலேயே வேண்டாம் என்றிருக்கிறதம்மா, நாங்கள் தொடுவதே இல்லை என்றேன். ரியா கேட்டின் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார்.

பிள்ளை எங்கேயாவது உளறிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் பைபிளை எடுத்தேன். சண்டே ஸ்கூல் வாத்தியாருக்கு வசனத்துக்கா பஞ்சம்?

ஆதியில் கடவுள் ஆதாமுக்குச் சாப்பிடக் கொடுத்தது விதையும் பழமும்தான், கறி இல்லை என்றேன். தானியேல் ராஜா வீட்டு விருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் பருப்பும் தண்ணீரும் சாப்பிட்டான், மற்ற எல்லாரையும்விட அவன் முகம்தான் களையாக இருந்தது என்றேன். நான் கறி தின்பது இன்னொருவனை இடறச் செய்யும் என்றால் தின்னாமலிருப்பதே நல்லது என்று பவுல் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசியில் அந்தச் சிங்கத்தையும் இழுத்து வந்தேன்.

ரியா கண்கொட்டாமல் கேட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. தோழியின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டு வெங்காயப் பச்சடியை மட்டும் சாப்பிட்டு வந்தாள். வீட்டுக்கார அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லி மெச்சினார்.

நானோ, ஆவடியில் வேலை செய்யும் இடத்தில் மதியம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் சோம்பை மென்றுகொண்டே ரயிலேறுவேன். மனைவி ஞானகுமாரிக்கு அது தெரியும்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, டிவி பக்கத்தில் இருந்த அக்காவின் பைபிளை எடுத்துவந்து ரியாவின் மடியில் விரித்தேன். நோவா பேழையை விட்டு இறங்கிய பகுதி. நடமாடும் ஜீவன்கள் எல்லாவற்றையும் உங்களுக்கு ஆகாரமாகத் தந்தேன் என்று கடவுள் சொல்லும் வரியில் விரலை வைத்தேன். அன்றைக்கு நான் வேண்டுமென்றே தாண்டிப்போன வரி. விரல் கூசியது.

ரியா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இங்க சாப்ட்டா தெரியாதுல்லப்பா?"

"கர்த்தர் கோச்சிக்க மாட்டாரும்மா. அவரே சொல்லிக்கீறாரு, பாரு."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

முதல் துண்டை மெல்லும்போதே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மசாலாவைக்கூட விடவில்லை, விரலால் வழித்து நக்கினாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டாள். இனி ஆண்டவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளை நம்புமா?

கை கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல்களை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். அத்தையின் பேஸ்ட்டை விரலில் பிதுக்கிப் பல் தேய்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, குனியச் சொல்லி, என் மூக்குக்குக் கீழே வாயைத் திறந்து ஊதினாள்.

"மோந்து பாருப்பா. வாசன வந்தா ஓனர் ஆன்ட்டி ஊட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

குனிந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"நீ அவங்ககிட்ட பேசும்போது நான் கேட்லதானே தொங்கிகினு இருந்தேன்."

அப்போது அவளுக்கு ஏழு வயது. இரண்டு வருஷம் அவள் வாயைக் கட்டியது தானியேலுக்காக இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

மிளகு வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி கொப்பளிச்சிட்டு வாம்மா," என்றேன்.