கை படாமல்

வார்டு ஜன்னல் கம்பியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அவள் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வடியவில்லை. முறுக்கிப் பிழிந்த சுருக்கம் நுனிவரை அப்படியே நின்றது.

ஒற்றைக் கையால் இப்படிப் பிழிய முடியாது. பயில்வானாலும் முடியாது.

கட்டிலில் சண்முகத்தாயம்மாள் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்த கை. வாரக்கணக்காக அவள் பழக்கியும் ஒரு காலி டம்ளரைக்கூடப் பிடிக்காத கை.

"துண்டை யாரும்மா பிழிஞ்சது?"

"சிஸ்டர்."

சிஸ்டராம்! கீழே விழுந்த தன் பேனாவை எடுக்கவே ஆள் தேடுகிறவள் அந்த சிஸ்டர். அவள் வந்து துண்டு பிழிந்தாளாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறது இந்த அம்மா.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலை, கடைசி வருடம். முடங்கிய மனிதர் தன் வேலையை மறுபடி தானே செய்துகொள்ளப் பழக்குகிற படிப்பு. பயிற்சி அடுக்களையில் சண்முகத்தாயம்மாள் டீ போட்டு, டம்ளரை வலது கையால் எடுத்து நீட்ட வேண்டும். கை எழும்பவில்லை என்றால் நீ இத்தனை நாள் என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள்.

போன முறையே தோற்றவள். இன்னொரு தடவை தோற்றால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். கையில் மாப்பிள்ளை போட்டோவோடு காத்திருக்கிறார்.

விடுவாளா?

கடலை மிட்டாய் டப்பாவை இறுக்கி மூடிக் கட்டிலருகே வைத்துவிட்டு வெளியே போனாள். கதவருகே நிற்கவும் வெட்கமாக இருந்ததால் காண்டீன்வரை நடந்துவிட்டு வந்தாள்.

டப்பா மூடியபடிதான் இருந்தது. மிட்டாய் குறைந்திருந்தது.

சண்முகத்தாயம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

எதற்கு இந்த நாடகம்? படுத்த இடத்தில் எல்லாம் வருகிறதே, அந்தச் சுகமா?

மகன் இசக்கிராஜ் ஒருநாள் தவறாமல் வந்தான். ஊரில் ஹோட்டல் நடத்துகிறவன். வந்ததும் அம்மாவின் வலது கையைத் தூக்கிப் பார்ப்பான். அது பொத்தென்று விழும். பிறகு இவளிடம் திரும்புவான். கை எப்ப வரும், கை எப்ப வரும். வேறு பேச்சே கிடையாது.

இப்படி ஒரு பிள்ளையை ஏமாற்ற எப்படித்தான் மனசு வருகிறதோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயிற்சியில் தினமும் அவள் பிடிக்கிற அந்த அம்மாவின் வலது முன்கை. முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். ஒன்றின்மேல் ஒன்று. பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

வியாழக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு நான் ஃபெயிலாகணும். அதானே உங்களுக்கு?"

சண்முகத்தாயம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடது கையால்.

வெள்ளிக்கிழமை. பயிற்சி அடுக்களை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மேடம் சுவரோரம் நின்றார். வாசலில் இசக்கிராஜ்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நோயாளி செய்ய வேண்டும், தெரபிஸ்ட் பார்க்க வேண்டும். இவள் விரல் பட்டாலும் போச்சு. அந்த அம்மா தானாகச் செய்ததாகக் கணக்கில் வராது. போன முறை ஒருவர் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் கையை நீட்டித்தான் தோற்றாள்.

டீ கொதித்தது. சண்முகத்தாயம்மாள் இடது கையால் அடுப்பை அணைத்தார். இடது கையால் வடிகட்டினார்.

நின்றார். அவளை ஒருமுறை பார்த்தார்.

தொங்கிக்கொண்டிருந்த வலது கை எழுந்தது. விரல்கள் டம்ளரைச் சுற்றின. தூக்கின.

ஒரு துளி சிந்தவில்லை.

அடிப்பாவி! நினைத்தது சரி. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாஸ். அப்பா அந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாசலில் இசக்கிராஜ் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டான்.

"அந்தச் சமையல் மாஸ்டரை நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. அம்மா அடுப்புக்கு வந்துருவா."

சண்முகத்தாயம்மாள் மகன் பக்கம் திரும்பவில்லை. டம்ளர் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆவிக்குப் பின்னால் அந்த முன்கை. ஒன்றின்மேல் ஒன்றாகத் தழும்புகள்.

இத்தனை நாளும் தப்பான ஆளை அல்லவா வேவு பார்த்திருக்கிறாள்.

டம்ளர் கிட்டே வந்துவிட்டது.

பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். இரண்டையும் நீட்டி, அந்த அம்மாவின் விரல்களோடு சேர்த்து டம்ளரைத் தாங்கிப் பிடித்தாள்.

தேர்வாளர் உச்சுக்கொட்டினார்.

"என்னம்மா இது, கையை வச்சுட்டியே?"

"விழுந்துரும் மேடம்," என்றாள். "அவங்களுக்குப் பிடி இன்னும் வரலை."

தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டார். வாசல் பக்கம் பார்த்து, இவங்களை அடுப்புப் பக்கம் விட்டுடாதீங்க என்று சொன்னார். இசக்கிராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி போனை எடுத்தான்.

அவள் டம்ளரை மேடையில் வைத்தாள்.

வைத்த பிறகும் சண்முகத்தாயம்மாளின் வலது கை அவள் விரல்களை விடவில்லை.

துண்டு பிழிகிற பிடி.

வலித்தது.