எட்டுத் தாழ்ப்பாள்

“எட்டா! எதுக்குண்ணாச்சி இம்புட்டுத் தாப்பா?”

கருத்தப்பாண்டி கேட்டதற்குக் கண்ணுச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பழுத்த கம்பியைப் பட்டடைக்கல்லில் வைத்து அடித்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனிக்கு. மொதலாளி கேட்டாரு.”

ஞாயிற்றுக்கிழமை காலையானால் சிவகாசியில் கண்ணுச்சாமி வீட்டுக் கொல்லையில் மூன்று பேர் கூடிவிடுவார்கள். கண்ணுச்சாமி வெடி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கருத்தப்பாண்டி அச்சாபீஸில் மெஷின்மேன். லட்சுமிகாந்தம் டிராயிங் வாத்தியார். மூவருக்கும் இரும்படிப்பது தொழில் இல்லை, ஆசை. அந்த வாரம் அடித்ததைக் காட்டி, ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லி, வீட்டுக் கதை பேசி, வெயில் ஏறியதும் கலைவார்கள்.

அன்றைக்கு வாத்தியார் ஒரு தேங்காய்த் துருவி கொண்டுவந்திருந்தார். பல் எல்லாம் கோணல். கேலி பண்ணக்கூடப் பாண்டிக்குத் தோன்றவில்லை.

“கம்பெனியில எந்தக் கதவுக்கு?”

“மருந்து அடைக்கிற ரூமுகளுக்கு.”

“உள்பக்கமா?”

“வெளிப்பக்கம்.”

துருத்தி போட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் கை நின்றுவிட்டது.

“பொம்பளையாளுக தண்ணி குடிக்க, வெத்தல போடன்னு அடிக்கடி வெளிய போறாகளாம். தீபாவளி ஆர்டர் பாதிகூட முடியல. உள்ள விட்டுத் தாப்பா போட்டாத்தான் வேலை நடக்கும்ங்காரு.”

“மாடத்தி அந்த ரூம்லதான இருக்கா?” என்றான் பாண்டி.

“தெரியும்லே.”

“தெரிஞ்சுமா செய்றீக? உள்ள ஒரு பொறி பட்டா எம் பொண்டாட்டி எப்படி வெளிய வருவா?”

“மொதலாளி சொல்றாரு. நான் என்ன செய்ய?”

“முடியாதுன்னு சொல்லுங்க!”

கண்ணுச்சாமி கம்பியைத் தண்ணீரில் முக்கினார். ‘சுர்’ரென்று ஆவி வந்தது.

பாண்டி சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். அடுத்த ஞாயிறு அவனும் போகவில்லை, வாத்தியாரும் போகவில்லை. கண்ணுச்சாமி எட்டுத் தாழ்ப்பாளையும் முடித்து, தன் கையாலேயே கதவுகளில் மாட்டிக் கொடுத்தார் என்று பாண்டி கேள்விப்பட்டான்.

மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை.

“உள்ள போனதும் வெளிய ‘டக்’குன்னு ஒரு சத்தம் கேக்குது. அதுலருந்து கை நடுங்குது. நடுங்குற கையோட மருந்து அடைக்கலாமா நீங்களே சொல்லுங்க.”

“வேலைய விட்டு நின்னுருவோமா?”

“மழை இல்ல, காட்டு வேலை இல்ல. நின்னுட்டு?”

அவள் காலையில் கிளம்பினால், சாயங்காலம் திரும்பி வரும்வரை பாண்டிக்கு மெஷின் சத்தமே காதில் விழாது. காது கம்பெனி இருக்கும் திசையிலேயே இருக்கும்.

பஜாரில் கண்ணுச்சாமி எதிரே வந்தார்.

“பாண்டி, நல்லாருக்கியாலே?”

பாண்டி காறித் துப்பிவிட்டுப் போனான்.

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. அச்சாபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எந்தக் கம்பெனி என்று யாரும் சொல்வதற்குள் பாண்டி சைக்கிளில் ஏறிவிட்டான். போகிற வழியெல்லாம் புகை தெரிந்தது. அந்தக் கதவும் அதன் குறுக்கே கிடக்கும் இரும்பும்தான் கண்ணுக்குள் நின்றன.

கேட்டைத் தாண்டி ஓடினான். தண்ணீர்த் தொட்டியடியில் பெண்கள் சுருண்டு கிடந்தார்கள். மாடத்தியின் முடி கருகியிருந்தது. முழங்கை வரை கொப்புளம். ஆனால் உட்கார்ந்திருந்தாள்.

“பத்துப் பேரும் வந்துட்டோம்” என்றாள். “ஒருத்தியும் உள்ள இல்ல.”

“கதவு?”

“தாப்பா போட்டுத்தான் இருந்துச்சு. பொறி பட்டதும் எல்லாரும் ஒண்ணா முட்டுனோம். பொத்துனு விழுந்துருச்சு. வெளிய வந்தப்புறந்தான் ரூம் வெடிச்சுச்சு.”

அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே போகச் சைக்கிளை எடுக்கத் திரும்பினான். மேனேஜர் பதறியபடி கத்திக்கொண்டிருந்தார்.

“இன்ஸ்பெக்டர் வாராரு! மிச்ச ஏழு தாப்பாளையும் கழத்துங்கலே! நம்ம கம்பெனியில தாப்பாளே கிடையாது, வெளங்குச்சா?”

ஒரு கதவடியில் கண்ணுச்சாமி கம்பிப்பாரையுடன் நின்றார். பாண்டி நேரே போய் அவர் கையிலிருந்து பாரையைப் பிடுங்கினான்.

“உங்க வேலை மோசமா இருந்ததால எம் பொண்டாட்டி பொழைச்சா. ஒழுங்காச் செஞ்சிருந்தா பத்துப் பொணம் விழுந்திருக்கும்!”

கண்ணுச்சாமி கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

தாழ்ப்பாள் மாட்டுவதற்காக நிலையில் அடித்திருந்த நாதாங்கி வளையத்தில் பாரையைக் கொடுத்து பாண்டி ஓங்கி நெம்பினான். நெம்பவே தேவையில்லை. கையோடு வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தான். மரத்துக்குள் நாலு விரல் ஆழம் இறங்கியிருக்க வேண்டிய நாதாங்கிக் கால் இரண்டும் அரை விரல்கூட இல்லை. உளியால் வெட்டி, அரத்தால் மழுக்கியிருந்தது.

அடுத்த கதவுக்குப் போனான். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

இரும்படிக்கிறவன் கண்ணுக்கு அது கைப்பிசகாகத் தெரியவில்லை.

“அண்ணாச்சி...” பாண்டி பாரையைக் கீழே வைத்தான். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ மாடத்திகிட்டச் சொல்லுவ. பத்துப் பேருக்குத் தெரிஞ்சா மொதலாளிக்குத் தெரியாதா?”

“முடியாதுன்னாவது சொல்லியிருக்கலாம். ஊரே உங்களை ஏசுச்சே...”

கண்ணுச்சாமி அடுத்த கதவைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்:

“நான் முடியாதுன்னா, தொழில் தெரிஞ்ச ஆசாரியக் கூப்பிட்டிருப்பாருலே. அவன் அடிச்ச தாப்பா தெறந்திருக்காது.”