ஆரம்ப வேகம்

நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனைவி கேள்வித்தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்ததும், கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பள்ளியில் இயற்பியல் எடுப்பவள் அவள்.

“இந்தக் கணக்கைப் பாருங்க. அஞ்சு மீட்டர் உயர மாடியிலேர்ந்து ஒரு பொருள் தவறி விழுது. சுவத்துலேர்ந்து ஆறு மீட்டர் தள்ளிக் கிடக்குது. ஆரம்ப வேகம் என்ன?”

சமாதானமாக இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மளமளவென்று போட்டான்.

“கேள்வியே தப்பு, டீச்சரம்மா. தவறி விழுந்தா சுவரோரமாத்தான் விழும். கீழ வர ஒரு நொடி. அதுக்குள்ள ஆறு மீட்டர் போயிருக்குன்னா, நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்துல யாரோ வீசியிருக்கணும்.”

“காத்து தள்ளியிருந்தா?”

“என்ன பொருள்?”

“கையடக்கமான உலோகம். நல்ல கனம்.”

“அப்ப பாவம் காத்து மேல பழி போடாதே. கை வேலைதான்.” விடையின் கீழ் பேனாவால் இரண்டு கோடு இழுத்தான்.

அவள் கேள்வித்தாளுக்கு அடியிலிருந்து அளவு டேப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, உன் மவுத் ஆர்கனைக் காத்து தள்ளிவிட்டுதுன்னு நேத்து சொன்ன அத்தானே, இப்ப யாரோ வீசினதுன்னு கணக்குப் போட்டுக் குடுத்துட்டார்.”

தம்பி கதவோரம் வந்து தலையை நீட்டினான்.

“அவ்வளவு மோசமாவா அத்தான் வாசிக்கிறேன்?”